டிசம்பர் 25 யாருடைய நாள்? அந்த 354 ஏட்டை முதலில் படியுங்கள்

ஏட்டுச்சுவடி:
ஒவ்வொரு டிசம்பரிலும் இதே ஃபார்வர்டு. இந்த முறை பாலனே இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்: "டிசம்பர் 25 ரோமர்களின் சூரியக் கடவுள் பிறந்தநாள். 325-இல் நைசியா சங்கத்தில் (ஆயர்கள் மாநாட்டில்) ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் அதைத் திருடி இயேசுவுக்குக் கொடுத்தான்." எரிச்சலாக இருக்கிறது. நைசியா பேசியது இயேசு படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனையை, உயிர்ப்பு விழாத் தேதியை. அங்கே இயற்றிய 20 விதிகளில் கிறிஸ்து பிறப்பு விழா பற்றி ஒரு சொல் கிடையாது.

உண்மையில் கையில் இருப்பது ஒரு ரோம நாட்காட்டித் தொகுப்பு. 354-இல் பிலோகாலுஸ் என்ற எழுத்துக் கலைஞர் வாலண்டினுஸ் என்ற பெரிய மனிதருக்காகத் தயாரித்தது. அதில் டிசம்பர் 25 இரண்டு இடத்தில் வருகிறது. அரசு விழாப் பட்டியலில் "வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயம்"; வெல்லப்படாதவன் என்பது சூரியக் கடவுளின் பட்டப்பெயர். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளின் பட்டியலில் முதல் வரியில் "யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்".

பக்கத்திலேயே ரோம் ஆயர்கள் இறந்த நாள் பட்டியலும் உண்டு. அது டிசம்பர் 27-இல் தொடங்கி அடுத்த டிசம்பர் 8 வரை தேதி வரிசையில் ஓடுகிறது. 335 டிசம்பர் 31-இல் இறந்த சில்வெஸ்டர் அவர் இடத்தில் ஒழுங்காக இருக்கிறார். 336 அக்டோபரில் இறந்த மாற்குவும் 352-இல் இறந்த யூலியுவும் வரிசை தப்பிக் கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் மூலப் பட்டியல் 336-இலேயே முடிந்துவிட்டது. இரண்டு பட்டியலும் டிசம்பர் கடைசியில் தொடங்குவதால், கிறிஸ்து பிறப்பான டிசம்பர் 25-இல் ஆண்டைத் தொடங்கும் பழக்கமும் அப்போதே இருந்தது.

இப்போது என் ஒரே கேள்வி. 336-க்கு முன்னால் டிசம்பர் 25-இல் சூரியனுக்கு விழா நடந்ததற்கு ஒரு சான்று. ஒன்றே ஒன்று.

பகுத்தறிவு பாலன்:
வந்துவிட்டார் ஏட்டுப் புலவர். ஐயா, 274-இல் பேரரசன் ஆரேலியன் ரோமில் சூரியனுக்குப் பெருங்கோயில் கட்டினான், நான்காண்டுக்கு ஒருமுறை போட்டி வைத்தான். ரோம நாட்காட்டியில் குளிர்காலக் கதிர்த்திருப்பமும் டிசம்பர் 25-தான். பகல் நீளத் தொடங்கும் நாளைச் சூரியன் பிறந்தநாள் என்று சொல்ல ஏட்டுச் சான்று வேண்டுமா?

இன்னொன்று. 440 முதல் 461 வரை போப்பாக இருந்த லியோ, கிறிஸ்மஸ் மறையுரையிலேயே திட்டுகிறார்: பேதுரு பேராலயப் படி ஏறியதும் கிறிஸ்தவர்கள் திரும்பி நின்று உதிக்கும் சூரியனைக் கும்பிடுகிறார்களாம். இரண்டு விழாவும் ஒன்றுதான் என்று பக்தர்களுக்கே தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி:
லியோ வாழ்ந்தது 336-க்கு நூறு ஆண்டு கழித்து. நான் கேட்டது முன்னால்.

ஆரேலியன் 274-இல் கோயில் கட்டினான், சரி. எந்த மாதம், எந்தத் தேதி? எந்தப் பழைய ஆசிரியரும் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்பது பிற்கால ஊகம். அதே 354 ஏட்டைப் புரட்டுங்கள். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஆகஸ்ட் 28-இல் 24 தேர்ப்பந்தயம். சூரியனின் விளையாட்டுகள் அக்டோபர் 19 முதல் 22 வரை, கடைசி நாளில் 36 தேர்ப்பந்தயம். நாலு நாள் நடக்கும் பெருவிழா அக்டோபரில் இருக்கிறது, டிசம்பரில் இருப்பது ஒரு நாள், 30 தேர்ப்பந்தயம். ஆரேலியனின் போட்டியை எந்த மாதத்தில் தேடுவீர்கள்?

போன ஈஸ்டர் இழையிலும் இதே கதைதான். ஈஸ்டர் முட்டை பாபிலோனிலிருந்து வந்தது என்றீர்கள், களிமண் பலகை ஒன்றையாவது காட்டச் சொன்னேன், இரண்டு வாரம் ஆளையே காணோம்.

வேதம் மட்டும்:
சகோதரர்களே, இருவரும் உலக ஏடுகளை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். பேதுரு கொண்டாடினாரா? பவுல் கொண்டாடினாரா? வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் இரண்டு பேர். பார்வோன், அன்று சுயம்பாகிகளின் தலைவன் தூக்கிலிடப்பட்டான். ஏரோது, அன்று யோவான்ஸ்நானனின் தலை தாலத்தில் வந்தது. பாவிகள்தான் பிறந்தநாள் கொண்டாடுவார்கள் என்று பழைய வேத அறிஞர் ஓரிஜனே 3-ஆம் நூற்றாண்டில் பிரசங்கித்திருக்கிறார். எங்கள் சபையில் கிறிஸ்மஸ் கிடையாது. "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று யோவான் 1:14 சொல்வதை வருஷம் முழுவதும் விசுவாசிக்கிறோம். அதற்கு எதற்குத் தேதி, கேக், நட்சத்திரம்?

அந்தோனி அடிமை:
வேதம் மட்டும் ஐயா, தேதி எதற்கு என்று கேட்கிறீர்களே, முழு விசுவாசமும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மனிதாவதாரம் மாட்டுக் கொட்டகையில் தொடங்கவில்லை. நாசரேத்தில் மரியா "ஆகட்டும்" என்ற நொடியில் தொடங்கியது. அந்த நாளைத்தான் மார்ச் 25-இல் மங்கள வார்த்தைத் திருநாளாகக் கொண்டாடுகிறோம். கடவுள் குழந்தையாக மாறவில்லை, மனித வேடம் போட்டுக்கொள்ளவுமில்லை. கடவுளாக இருந்தபடியே நம் உடலையும் ஆன்மாவையும் முழுமையாக எடுத்துக்கொண்டார். 451-இல் கல்செதோன் சங்கம் அறிக்கையிட்டதும் இதையே.

புனித அகுஸ்தீன் மூவொரு கடவுள் பற்றிய நூலின் 4-ஆம் புத்தகத்தில் எழுதுகிறார்: இயேசு கருவான நாளும் பாடுபட்டு இறந்த நாளும் ஒன்றே, மார்ச் 25. அவருக்கு முன்னும் பின்னும் யாரும் கருவாகாத வயிறு. அவருக்கு முன்னும் பின்னும் யாரும் வைக்கப்படாத கல்லறை. மார்ச் 25 தொடங்கி டிசம்பர் 25 வரை இரு முனையும் சேர்த்து எண்ணினால் 276 நாள். யோவான் 2:20-இல் ஆலயம் கட்ட ஆன 46 ஆண்டை 6-ஆல் பெருக்கினாலும் 276. அவர் உடலே அந்த ஆலயம். உடல் எடுத்ததே சிலுவைக்காக என்று நாட்காட்டியே அறிக்கையிடுகிறது. இதில் சூரியன் எங்கே வருகிறது?

பகுத்தறிவு பாலன்:
அருமை. 46-ஐ 6-ஆல் பெருக்கிப் பிரசவத் தேதி குறிக்கிறார்கள், நான் ஆதாரமில்லாமல் பேசுகிறேனாம்.

அகஸ்டின் எழுதியது 400-ஐ ஒட்டி. ஏட்டுச்சுவடியின் சட்டம் அவருக்கும் பொருந்தும். 336-க்கு முன்னால், கருவான நாள் மார்ச் 25, அதோடு 9 மாதம் கூட்டினால் டிசம்பர் 25 என்று கணக்குப் போட்ட ஒரு கிறிஸ்தவர். ஒன்றே ஒன்று. பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனைக் கொண்டுவராதீர்கள். அவர் பெயரிலுள்ள நூல் மார்ச் 25 இறந்த நாள் என்கிறது, கருவானது பற்றி வாய் திறக்கவில்லை. கிறிஸ்தவ ஆசிரியர் அலெக்சாந்திரியா கிளமெந்து 200-ஐ ஒட்டி, பிறந்த நாளைச் சிலர் மே 20 என்கிறார்கள், சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்கிறார்கள் என்று எழுதுகிறார். டிசம்பர் 25 அந்தப் பட்டியலிலேயே இல்லை!

ஏட்டுச்சுவடி:
இருக்கிறது ஐயா. பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் இப்போலித்துவின் தானியேல் விளக்கவுரை, 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஜனவரி முதல் தேதிக்கு எட்டு நாள் முன், புதன்கிழமை, அகஸ்துவின் 42-ஆம் ஆண்டில் பெத்லகேமில் பிறந்தார் என்று தெளிவாக வருகிறது. ஆரேலியன் கோயிலுக்கு 60 ஆண்டுக்கும் மேல் முந்தையது.

பகுத்தறிவு பாலன்:
அந்த வரியில் கைப்பிரதிகள் ஒத்துப்போகவில்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? ஏப்ரல் தேதியும் அங்கே கலந்து கிடக்கிறது. 1551-இல் ரோமில் கிடைத்த சிலையில், இப்போலித்துவுடையது என்று நீங்களே கொண்டாடும் ஈஸ்டர் அட்டவணையில், கிறிஸ்துவின் தோற்றம் ஏப்ரல் 2 என்று கல்லில் வெட்டியிருக்கிறது. பிற்கால எழுத்தர் டிசம்பரை நுழைத்திருக்கிறார். கல்லை நம்புவதா, நகலை நம்புவதா?

ஏட்டுச்சுவடி:
கல்லில் இருப்பது கருவான நாள். ஏப்ரல் 2-உடன் 38 வாரம், அதாவது 266 நாள் கூட்டுங்கள். டிசம்பர் 24 வரும்.

பகுத்தறிவு பாலன்:
மார்ச் 25-க்கு 9 மாதம், ஏப்ரல் 2-க்கு 38 வாரம்! மார்ச் 25-உடன் அதே 266-ஐக் கூட்டுங்கள், டிசம்பர் 16 வருகிறது. அந்தோனி ஐயா 276 என்கிறார். தேதியை முதலில் வைத்துக்கொண்டு கர்ப்பத்தை இழுத்தும் குறுக்கியும் பொருத்துகிறீர்கள்.

வேதம் மட்டும்:
வேதத்திலேயே கணக்கு இருக்கும்போது சிலை எதற்கு? லூக்கா 1:5, யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியா ஆலய ஆசாரியன், அபியா வகுப்பு. 1 நாளாகமம் 24:10-இன்படி அது 24 வகுப்பில் எட்டாவது. ஒரு வகுப்புக்கு ஒரு வாரம். யூதரின் முதல் மாதமான நிசான் முதல் தேதியில் தொடங்குங்கள். மூன்றாம் வாரம் பஸ்கா பண்டிகை, எல்லா வகுப்பும் சேர்ந்து ஊழியம். அதனால் அபியாவுக்கு 9-ஆம் வாரம். 10-ஆம் வாரம் பெந்தெகொஸ்தே பண்டிகை, மறுபடி எல்லோரும். வீடு திரும்ப ஜூன் நடு ஆகிறது. அவன் மனைவி எலிசபெத்து கர்ப்பந்தரித்த ஆறாம் மாதம் மரியாளிடம் தூதன், அது டிசம்பர். ஒன்பது மாதம் கூட்டினால் செப்டம்பர், கூடாரப் பண்டிகைக் காலம். "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்ற வசனம் அப்படியே பொருந்துகிறது.

ஏட்டுச்சுவடி:
இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

24 வாரம் 168 நாள். இருமுறை 336. பண்டிகை வாரம் மூன்றைச் சேர்த்தால் 357. யூத ஆண்டோ சாதாரணமாக 354, அதிமாதம் வந்தால் 384 வரை. இடைவெளியை என்ன செய்தார்கள்? ஒவ்வொரு நிசானிலும் முதல் வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்கினார்கள் என்று எந்த வசனம் சொல்கிறது? சாக்கடல் அருகே கிடைத்த பழைய கும்ரான் சுருள்களில் வகுப்பு அட்டவணையே கிடைத்திருக்கிறது. 364 நாள் ஆண்டு, 6 ஆண்டுச் சுற்று, 312 வாரம். அதில் ஒவ்வொரு வகுப்புக்கும் 13 முறை. சுற்று நிற்காமல் ஓடுகிறது, அபியாவின் வாரம் ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது. எருசலேம் ஆலயத்திலும் சுற்று நிற்காமல் ஓடியிருந்தால் உங்கள் 9-ஆம் வாரம் காலி.

அடுத்தது, எந்த வகுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை வரும். சகரியா தூபம் காட்டியது முதல் முறையா இரண்டாம் முறையா? லூக்கா சொல்லவில்லை. அதற்கும் மேல், "அந்நாட்களுக்குப் பின்பு" எலிசபெத்து கர்ப்பவதியானாள் என்றுதான் இருக்கிறது. எத்தனை நாள்?

அந்தோனி அடிமை:
மறையுரையாளர் புனித கிறிசோஸ்தமும் இதே சகரியாவை, எங்கள் வழக்கில் செக்கரியாவை, வைத்துத்தானே டிசம்பர் 25-ஐ நிறுவினார்? 386-இல் அந்தியோக்கியாவில்.

ஏட்டுச்சுவடி:
அவர் செக்கரியாவைத் தலைமைக் குருவாக்கி, செப்டம்பர் வாக்கில் வரும் பாவப்பரிகார நாளில் ஆலயத்தின் உட்தூயகத்துக்குள் அனுப்பிவிட்டார். லூக்கா சொல்வது சீட்டு விழுந்த சாதாரணக் குரு, அன்றாடத் தூபம். அந்த நாள் எங்களுக்குத் தெரியவந்து இன்னும் பத்து ஆண்டு ஆகவில்லை என்று அதே மறையுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். தயவுசெய்து என் பக்கம் வாதாட வராதீர்கள், கெடுத்துவிடுகிறீர்கள்.

அந்தோனி அடிமை:
உங்கள் பக்கமா? நான் திருச்சபையின் பக்கம். உங்களுக்கு ஏடு வேண்டும், இயேசு வேண்டியதில்லை. மூன்று நாளாக 336, 354 என்கிறீர்கள், எதற்காக மனிதரானார் என்று ஒரு வரி எழுதினீர்களா?

வேதம் மட்டும்:
டிசம்பர் குளிர் மழையில் மேய்ப்பர்கள் இராத்திரி வயல்வெளியில் தங்குவார்களா? பெத்லகேம் 700 மீட்டருக்கும் மேல் உயரம். இதற்கும் பதில் வராது. கிறிஸ்மஸ் மரத்துக்கும் எரேமியா 10:3-4 போதும்: மரத்தை வெட்டி, வெள்ளியினாலும் பொன்னினாலும் அலங்கரித்து, அசையாதபடி ஆணியடிக்கிறார்கள்.

அந்தோனி அடிமை:
அடுத்த வசனத்தையும் படியுங்கள் ஐயா. அது பேசமாட்டாது, நடக்கமாட்டாது, சுமந்துகொண்டு போக வேண்டும். தச்சன் செதுக்கிய விக்கிரகம் அது. எரேமியா காலத்தில் யார் வீட்டில் கிறிஸ்மஸ் மரம்? மேய்ப்பர் விஷயம்: எண்ணாகமம் 28:3-இன்படி நாள்தோறும் இரண்டு ஆட்டுக்குட்டி ஆலயத்துக்கு வேண்டும். டிசம்பரில் பலி நின்றதா? எருசலேமிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மந்தை இல்லாமல் எப்படி?

நெறியாளர்:
மரம், ஆடு இரண்டுக்கும் தனி இழை திறக்கவும்.

வேதம் மட்டும்:
ஆட்டுக் கேள்விதான் மையக் கேள்வி. நெறியாளரும் கத்தோலிக்கரா?

பகுத்தறிவு பாலன்:
ஏட்டுச்சுவடி கேட்ட சான்று இதோ, கிறிஸ்தவர் கையெழுத்திலேயே. சிரிய ஆயர் தியோனிசியு பார் சலிபியின் சிரியக் கையெழுத்துப் பிரதியில் ஓரக்குறிப்பு: புறமதத்தார் டிசம்பர் 25-இல் சூரியன் பிறந்தநாளுக்கு விளக்கேற்றினார்கள், கிறிஸ்தவர்களும் போய்க் கலந்துகொண்டார்கள், அதனால் பிறப்பு விழாவை ஜனவரி 6-இலிருந்து அந்த நாளுக்கு மாற்றினார்கள். வாக்குமூலம்!

ஏட்டுச்சுவடி:
பார் சலிபி 12-ஆம் நூற்றாண்டு. ஓரத்தில் எழுதியவர் அவருக்கும் பிந்தியவர், பெயர் தெரியாதவர். 336-க்கு 800 ஆண்டு கழித்து, ரோமுக்கு வெகு தொலைவில், ஜனவரி 6-ஐ விட்டுக்கொடுத்த மேற்கத்தியர்மேல் கோபத்தில் எழுதிய குறிப்பு. ஆர்மீனியர்கள் இன்றும் ஜனவரி 6-இலேயே பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்துக் கொண்டாடுகிறார்கள், கிழக்கில் அந்தப் பிடிவாதம் அவ்வளவு ஆழம்.

336-க்கு முன். ஒரு சான்று. நான்காம் முறை கேட்கிறேன்.

பகுத்தறிவு பாலன்:
என் கேள்வியும் அங்கேயே நிற்கிறது: 336-க்கு முன் மார்ச் 25-உடன் 9 மாதம் கூட்டியவர் யார்? சிலையில் இருக்கும் ஏப்ரல் 2-ஐ எங்கே வைப்பீர்கள்?

ஏட்டுச்சுவடி:
இப்போலித்து. நாளைக்குக் கைப்பிரதிகளை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திப் போடுகிறேன். அதற்குள் நீங்கள் ஆரேலியன் கோயிலின் தேதியைக் கண்டுபிடியுங்கள்.