பழைய டீசல் வண்டி: டெம்பரேச்சர் முள் பாதிக்கே வர மாட்டேங்குது, நார்மல் எவ்வளவு? (அவசரம்)

வெண்முகில்:
வணக்கம். அவசரமா ஒரு சந்தேகம். டீசல் வண்டி, பழசு. எவ்வளவு ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் கால்வாசியிலேயே நிக்குது. டிராஃபிக்ல மாட்டினா கொஞ்சம் ஏறும், ஹைவேல விரட்டினா திரும்ப இறங்கிடும். மைலேஜும் குறைஞ்சிருக்கு. டீசலுக்கு நார்மலா எத்தனை டிகிரி இருக்கணும்? நாளைக்கு தூரப் பயணம் இருக்கு, எடுத்துட்டுப் போகலாமா?

சாலைராஜா:
எந்த வண்டி ப்ரோ? என்ன வருஷம்? டர்போ இருக்கா? மீட்டர்ல டிகிரி நம்பர் போட்டிருக்கா, வெறும் கோடு மட்டும்தானா? கூலன்ட் (எஞ்சினை ஆத்தற திரவம்) லெவல் பாத்தாச்சா? முன்னாடி முள் எங்க நிக்கும்? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது.

டீசல்மணி:
கண்ண மூடிக்கிட்டு சொல்றேன், டெம்பரேச்சர் சென்சார். வண்டி பழசாகும்போது கனெக்டர்ல பச்சை பூத்துடும். இந்த சென்சார்ல பெரும்பாலும் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கூடினா மீட்டர் அதைக் குளிர்ச்சின்னு எடுத்துக்கும், முள் கீழேயே கிடக்கும். கழட்டி சுத்தம் பண்ணுங்க, சரியாகலைன்னா சென்சாரை மாத்திடுங்க.

பழையபட்டறை:
மணி தம்பி, கனெக்டர் கெட்டிருந்தா நின்னாலும் ஓடினாலும் முள் குறைச்சுத்தான் காட்டும். இவர் நின்னா ஏறுது, ஓடினா இறங்குதுங்கறார். காத்து அடிக்க அடிக்க எஞ்சின் ஆறுதுன்னு அர்த்தம். தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடாகற வரைக்கும் ரேடியேட்டர் வழியை அடைச்சு வைக்கற வால்வு) மூடாம திறந்தே நிக்கும்போது இப்படித்தான் ஆகும். வெண்முகில், கேபின் ஹீட்டர் போட்டா நல்லா சூடா வருதா, வெதுவெதுன்னு வருதா?

அனுபவசாலி_60:
இதே கேள்வி இங்க பலமுறை வந்தாச்சு. தேடிப் பாத்துட்டுக் கேட்டா எல்லாருக்கும் நேரம் மிச்சம். டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்க"ன்னு மட்டும் சொன்னா அவர் என்ன செய்வார்? வண்டியோட கையேட்டை ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா? தெர்மோஸ்டாட் எத்தனை டிகிரில திறக்கணும்னு அதுலயே இருக்கும்.

சரி, கேட்டதுக்குப் பதில். பெரும்பாலான டீசல் கார்ல கூலன்ட் 80லேருந்து 95க்குள்ள இருந்தா நார்மல். மெர்சிடிஸ் டபிள்யூ123ல வந்த ஓஎம்617 மாதிரி பழைய எஞ்சினுக்கு 80 டிகிரி தெர்மோஸ்டாட். ஃபோக்ஸ்வேகன் 1.9 டிடிஐக்கு 87ல திறக்க ஆரம்பிக்கும். அதனால "டீசலுக்கு எவ்வளவு"ன்னு ஒரே நம்பர் கிடையாது. உங்க எஞ்சினோட தெர்மோஸ்டாட் எதுவோ, அதை ஒட்டித்தான் நிக்கும்.

வெண்முகில்:
1993 மாடல், 1.9 லிட்டர், டர்போ இல்லை. மீட்டர்ல நம்பர் கிடையாது. ஹீட்டர் வெதுவெதுன்னுதான் வருது.

சாலைராஜா:
பிராண்ட் இன்னும் சொல்லல ப்ரோ. கூலன்ட் லெவலும்!

நெடும்பயணி:
டீசல் சூடாக நேரம் எடுக்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க. பெட்ரோலை விட வீணாப் போற சூடு கம்மி. ஐடில்ல (ஓட்டாம சும்மா நிறுத்தி) விட்டா வார்ம் அப் ஆக ரொம்ப நேரம் ஆகும். மெதுவா ஓட்டித்தான் சூடாக்கணும். குளிர் காலையில ரொம்ப தூரம் கால்வாசியில நிக்கறது சில வண்டிக்கு சகஜம்.

இன்னொண்ணு, முள்ளை அப்படியே நம்பாதீங்க. ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகள் பலதுல கூலன்ட் சுமார் 75லேருந்து 105 வரைக்கும் எங்க இருந்தாலும் முள் 90லயே நிக்கற மாதிரி அமைச்சிருப்பாங்க. சில பழைய வண்டில உள்ளதை உள்ளபடி காட்டும். உங்களுது ஏறி இறங்கறதால ரெண்டாவது ரகம்னு நினைக்கிறேன். 93 மாடல்ல ஓபிடி போர்ட்ல (ஸ்கேனர் மாட்டற இடம்) லைவ் டேட்டா பாக்க வழி இருக்காது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தா தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல (அது இருக்கற கூடு) அடிச்சுப் பாருங்க. பளபளன்னு அலுமினியமா இருந்தா தப்பா குறைச்சுக் காட்டும், ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அது மேல அடிங்க.

வெயிலோட்டி:
இவ்வளவு பேசறதுக்கு ஒண்ணுமில்ல. ஹீட் ஏறலைன்னா சந்தோஷப்படுங்க. என் வண்டில தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டுதான் ஓட்டறேன். வெயில்ல ஓடற வண்டிக்கு அது தேவையே இல்ல. எஞ்சின் எவ்வளவு குளுகுளுன்னு இருக்கோ அவ்வளவு நல்லது.

பழையபட்டறை:
இதைப் படிச்சுட்டு யாரும் கழட்டிடாதீங்க, தயவுசெய்து. குளிர்ந்தே ஓடற எஞ்சின்ல டீசல் முழுசா எரியாது. எரியாதது சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும். ஆயில்ல சேர்ற ஈரமும் ஆவியாகிப் போகாது, சேறு மாதிரி படியும். லைனர் (சிலிண்டரோட உள் உறை), பிஸ்டன் ரிங் தேய்மானம் கூடும். அவர் சொன்ன மைலேஜ் குறைவும் இதுலதான் சேரும்.

அதோட நிறைய எஞ்சின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதோட அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டிட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம எஞ்சினுக்குள்ளேயே சுத்தும். ஏத்தத்துல லோடு விழும்போது அந்த எஞ்சின்தான் முதல்ல கொதிக்கும்.

வெயிலோட்டி:
எனக்கு ஒரு நாளும் கொதிச்சதில்ல. பச்சைத் தண்ணிதான் ஊத்தறேன், கூலன்ட்கூட இல்ல.

டீசல்மணி:
பச்சைத் தண்ணியா! அண்ணே, உள்ள துருவும் சுண்ணாம்புப் படிவும் எப்படி இருக்குமோ. டீசல்ல லைனர் அதிர்ந்து அதிர்ந்து தண்ணில குமிழி வெடிச்சு சுவர்ல ஓட்டை விழும், தெரியுமா?

வெயிலோட்டி:
அது பெரிய லாரி எஞ்சின்ல. வெட் லைனர், அதாவது தண்ணி நேரா படற லைனர் இருந்தாத்தான் அந்தக் கதை. கார்ல பெரும்பாலும் பிளாக்கிலேயே கடைஞ்ச சிலிண்டர்.

அனுபவசாலி_60:
ஓட்டை விஷயத்துல வெயிலோட்டி சொல்றது சரி. ஆனா துருவும் படிவும் எந்த எஞ்சினா இருந்தாலும் வரும். அலுமினிய ஹெட் இருந்தா இன்னும் மோசம். கொதிநிலையையும் கொஞ்சம் படிச்சுட்டுப் பேசணும். பச்சைத் தண்ணி 100ல கொதிக்கும். ரேடியேட்டர் மூடில ஒரு பார் அழுத்தம் நின்னா ஏறக்குறைய 120. சரிபாதி கூலன்ட் கலந்தா அதுக்கும் மேல. மூடியோட ரப்பர் போயிட்டா இந்தக் கணக்கு எதுவும் நிக்காது. மூடியை யாருமே பாக்கறதில்ல.

சாலைராஜா:
கேட்டவர் நாளைக்குக் கிளம்பணும்ங்க. தண்ணிச் சண்டைக்குத் தனி இழை போடுங்க.

பழையபட்டறை:
வெண்முகில், இன்னைக்கே வீட்ல பண்ண ஒரு சோதனை. எஞ்சின் முழுசா ஆறினதும் மூடியைத் திறந்து லெவல் பாருங்க. சூட்டுல மூடில கை வைக்கவே வைக்காதீங்க, முகத்துல அடிக்கும். பிறகு ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் மேல் ஹோஸை அப்பப்ப தொட்டுப் பாருங்க. ஃபேன் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா ஹோஸ் ரொம்ப நேரம் சில்லுன்னே இருக்கும், பிறகு சட்டுன்னு கை வைக்க முடியாத சூடு வரும். ஆரம்பத்துலேருந்தே எஞ்சினோட சேர்ந்து மெல்ல மெல்ல சூடாச்சுன்னா அது திறந்து கிடக்கு, இல்ல உள்ள தெர்மோஸ்டாட்டே இல்ல.

பயணத்தைப் பொறுத்தவரை, லெவல் சரியா இருந்து கசிவு இல்லேன்னா ஒரு தடவை இப்படிக் குளிர்ந்து ஓடறதால எஞ்சின் நின்னுடாது. லெவல் குறைஞ்சிருந்தா எடுக்காதீங்க. சென்சார் தண்ணிக்கு மேல நின்னாலும் முள் கீழே காட்டும், உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

நெடும்பயணி:
கழட்டினா பழைய தெர்மோஸ்டாட்டைத் தண்ணில போட்டு, தெர்மாமீட்டர் வச்சு காய்ச்சிப் பாருங்க. அதுமேல குத்தியிருக்கற டிகிரி பக்கம் வரும்போது வால்வு நகரணும். புதுசையும் மாட்டறதுக்கு முன்னாடி இப்படிப் பாத்துடறது நல்லது. தெர்மோஸ்டாட்ல சின்ன ஓட்டையோ ஆடற ஊசியோ இருந்தா அது மேல் பக்கம் வரணும், காத்து அது வழியாத்தான் வெளியேறும்.

டீசல்மணி:
சென்சாரையும் சேர்த்து மாத்திடுங்க, நான் அப்பவே சொன்னேன்.

வெண்முகில்:
பயணம் போயிட்டு வந்தாச்சு, லெவல் சரியா இருந்தது. ஹவுசிங்கைக் கழட்டினா உள்ள தெர்மோஸ்டாட்டே இல்ல. முன்னாடி வச்சிருந்தவர் எடுத்திருக்கார் போல. 87 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாச்சு. முள் இப்ப பாதிக்குக் கொஞ்சம் கீழே அசையாம நிக்குது, ஹீட்டர் அனலா வருது. எல்லாருக்கும் நன்றி.

பழையபட்டறை:
நல்ல செய்தி. ஆனா அவர் ஏன் கழட்டினார்? சும்மா யாரும் கழட்ட மாட்டாங்க. ரேடியேட்டர் அடைப்போ, ஃபேன் கிளட்ச் பிடிக்காததோ, ஹெட் கேஸ்கெட் (எஞ்சினோட மேல் பாகத்துக்கு அடியில இருக்கற சீல்) கசிவோ இருந்து வண்டி கொதிச்சிருக்கலாம், அதை மறைக்க எடுத்திருக்கலாம். இனிமேதான் அது வெளிய தெரியும். ஏசி போட்டு ஒரு நீளமான ஏத்தம் ஏறிப் பாத்து முள் எங்க போகுதுன்னு எழுதுங்க. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணதுமே மேல் ஹோஸ் விறைக்குதா, எக்ஸ்பான்ஷன் டேங்க்ல குமிழி வருதான்னும் பாருங்க.

சாலைராஜா:
அப்படியே எந்த வண்டின்னும் சொல்லிடுங்க ப்ரோ.