வி.இ.ஜி.எஃப். கண்டறியப்பட்டது 1983-இலா, 1989-இலா?

நுண்ணோக்கி:
"இரத்தக்குழாய்களை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தை 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா கண்டுபிடித்தார், அதற்கு முன் அது யாருக்கும் தெரியாது" என்று கரிசல்காட்டான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பாஸ்டனில் டொனால்ட் செங்கரும் ஹரால்ட் டுவோராக்கும், கினிப் பன்றியின் கல்லீரல் புற்றுச் செல்களிலிருந்து இரத்தக்குழாயைக் கசியவைக்கும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன் எடை 34,000 முதல் 42,000 டால்டன் என்று 1983-லேயே 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டுவிட்டார்கள். வி.பி.எஃப். என்று அவர்கள் பெயரிட்ட புரதமும் வி.இ.ஜி.எஃப். என்பதும் ஒன்றே.

கரிசல்காட்டான்:
கசிவு வேறு, வளர்ச்சி வேறு. ஃபெராரா மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் செல்களிலிருந்து பிரித்தது, இரத்தக்குழாயின் உட்படலச் செல்களைக் குறிப்பாகப் பெருகச் செய்யும் புரதம். 1983 கட்டுரையில் அமினோ அமில வரிசை எங்கே இருக்கிறது? வரிசை தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்ததாக எப்படிச் சொல்வது?

நுண்ணோக்கி:
1989 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஃபெராரா குழுவினுடையது. மற்றொன்று மான்சாண்டோ நிறுவன ஆய்வாளர்களுடையது, அதன் தலைப்பிலேயே வி.பி.எஃப். என்ற பெயர் இருக்கிறது. இரண்டு மரபணுக்களையும் ஒப்பிட்டபோது அவை ஒன்றே என்று தெரிந்தது. கசிவு வேறு என்கிறீர்களே, அந்தக் கசிவு வழியாகத்தான் ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதம் குழாய்க்கு வெளியே வந்து உறைந்து ஃபைப்ரின் வலையாகிறது என்பதும், புதிய குழாய்கள் அந்த வலையைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றன என்பதும் டுவோராக்கின் விளக்கம். புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று அவர் 1986-இல் எழுதியது இந்த அடிப்படையில்தான். உறைதலையும் குழாய் வளர்ச்சியையும் ஒன்றாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை விட்டுவிட்டு வரலாறு எழுதலாமா?

யாழினி:
இருவருமே ஒன்றை மறந்துவிட்டீர்கள். இந்தப் புரதம் செல்களைச் சாகாமலும் காக்கிறது. பிறந்த எலிக்குட்டிகளை அதிக ஆக்சிஜனில் வைத்தால் விழித்திரையில் வி.இ.ஜி.எஃப். குறைந்து, இளம் குழாய்களின் உட்படலச் செல்கள் தற்சாவு அடைகின்றன. அப்புரதத்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் அந்தச் சாவு தடைப்படுகிறது. இது 1995-இல் வெளிவந்தது. குறைமாதக் குழந்தைகளின் கண் நோயைப் புரிந்துகொள்ள உதவிய ஆய்வை விட்டுவிட்டு ஆண்டுக்காகச் சண்டையிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கரிசல்காட்டான்:
அம்மா, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும், என் கேள்வி அதுவல்ல. 1983-இல் வரிசை எங்கே? நுண்ணோக்கி இப்படிப் பேசுவதும் புதிதல்ல. போன மாதம், இரத்த உறைதலைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணி என்ற புரதம் பற்றிய விவாதத்திலும், அது இல்லாத எலிக்கருக்கள் இரத்தம் உறையாமல்தான் இறக்கின்றன என்று அடித்துப் பேசினார். ஆய்வாளர் கார்மெலியெட் 1996-இல் காட்டியது, கருவுக்கு ஊட்டமளிக்கும் மஞ்சட்கருப் பையின் குழாய்ச் சுவர் உறுதிபெறாமல் போவதை. ஃபைப்ரினோஜனே இல்லாத எலிகள் உயிரோடு பிறக்கும்போது உறைதலை எப்படிக் காரணமாகச் சொல்ல முடியும்?

நுண்ணோக்கி:
அந்த விவாதத்தை இங்கே இழுத்து வந்தவர் நீங்கள், ஆகவே பதிலையும் கேட்டுக்கொள்ளுங்கள். அதே 1996-இல் வேறொரு குழு அந்தக் கருக்களில் இரத்தக்கசிவையே காரணமாகக் கண்டது; அதை நீங்கள் அன்றும் மறைத்தீர்கள், இன்றும் மறைக்கிறீர்கள். உறைதல் என்றால் ஃபைப்ரின் மட்டும்தானா? உறைதல் நொதியான த்ராம்பின் உட்படலச் செல்லின் ஏற்பி வழியாகவும் செய்தி அனுப்புகிறது. அந்த ஏற்பி இல்லாத எலிக்கருக்களில் ஏறத்தாழ பாதி இறந்துவிடுகின்றன, உட்படலச் செல்லில் மட்டும் அதை மீட்டுக் கொடுத்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. நான் சொன்ன உறைதல் இதையும் சேர்த்துத்தான்.

கரிசல்காட்டான்:
போன மாதம் த்ராம்பின் ஏற்பி என்ற சொல்லே உங்கள் பதிவுகளில் இல்லை.

யாழினி:
வி.இ.ஜி.எஃப். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்தாலே எலிக்கரு 11, 12 நாட்களில் இறக்கிறது என்று கார்மெலியெட் குழுவும் ஃபெராரா குழுவும் 1996-இல் தனித்தனியாகக் காட்டின. அந்தப் புரதத்தின் அளவே உயிரைத் தீர்மானிக்கிறது என்பது எவ்வளவு பெரிய செய்தி! அதைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

நுண்ணோக்கி:
பேசலாம், முதலில் இது முடியட்டும். 2014-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதை டுவோராக்குக்கும் ஃபெராராவுக்கும் வழங்கினார்கள். 1983 வெறும் கசிவு என்றால் டுவோராக்குக்கு ஏன் கொடுத்தார்கள்?

கரிசல்காட்டான்:
2010-இல் லாஸ்கர் மருத்துவ விருது ஃபெராராவுக்கு மட்டுமே சென்றது. என் தாயாரின் விழித்திரைக்குப் போட்ட ஊசி மருந்து அவர் ஆய்விலிருந்து வந்தது, அதனால் அவர் பெயரை நான் குறைத்துப் பேச விடமாட்டேன்.

நுண்ணோக்கி:
உங்கள் தாயார் நலமாயிருக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஃபெராராவின் மருந்துப் பணியை நான் எங்கும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த விருது மருந்துக்கும், குழாய் வளர்ச்சியில் இப்புரதத்தின் பங்கைக் கண்டதற்குமானது; புரதத்தை முதலில் கண்டதற்கானது அன்று. "அதற்கு முன் யாருக்கும் தெரியாது" என்ற ஒரு வரியை நீக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கரிசல்காட்டான்:
1983-இன் வரிசையைக் காட்டுங்கள், நீக்குகிறேன்.

நுண்ணோக்கி:
புரதத்தைக் காட்டினேன், எடையைக் காட்டினேன், ஆண்டையும் காட்டினேன். அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது.