தஞ்சோங் துவானுக்குப் போய் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவுல பஹாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுறேன். மார்ச்சுல பள்ளிப் பிள்ளைங்க சிலரைப் போர்ட்டிக்சன் கிட்ட இருக்கிற தஞ்சோங் துவானுக்குத் தேன்பருந்து பார்க்கக் கூட்டிட்டுப் போகணும். குளிர்காலத்தை இந்தோனேசியாவுல கழிச்சிட்டு, வடக்கே கூடு கட்டப் போற பருந்துங்க சுமத்திரா பக்கத்து ரூபாட் தீவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி அங்கேதான் கரையேறும். கடல் மேல தூக்கிவிட வெப்பக்காற்று சரியா எழும்பாது. இறக்கை அடிச்சே வரணும். அதனால களைச்சுப்போய், மரத்து உச்சியை உரசுற மாதிரி தாழப் பறக்குமாம். புறா மாதிரி சின்னத் தலை, நீண்ட கழுத்து. அதுதான் அடையாளம்.

எங்க பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் செம்பனைக்காட்டுல எலி பிடிக்கப் பெட்டி வச்சு வளர்க்கிற கூகை ஆந்தைதான். (அதுவே பெரிய விஷயம், எலி மருந்து மிச்சம்!)

கேள்வி இதுதான்: கலங்கரை விளக்கம் வரை ஏறுற பாதை எட்டு வயசுப் பிள்ளைங்களுக்குத் தாங்குமா? காலையிலேயே போகணுமா, பசியாறிட்டு பத்து மணிக்குப் போனா போதுமா? பழைய பைனாகுலர் ரெண்டு மூணு இரவல் கிடைச்சா பத்திரமா திருப்பித் தந்துடுவேன். கட்டுப்படியாகிற வாடகைக்கு வேன் ஓட்டுறவங்க தெரிஞ்சாலும் சொல்லுங்க. பைனாகுலரைச் சிரம்பான் வரை நானே வந்து வாங்கிக்குவேன்.