ஊர்க் குளத்தில் பிள்ளைகளுக்குப் படகு, நீச்சல் பயிற்சிக் கூடம்: பணம் திரட்டுவது எப்படி?

பாமணியாற்றுப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊரில் ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் கபடி மன்றம் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் கொஞ்ச வருஷமாகக் கபடியை விட நீச்சல்தான் அதிகம் நடக்கிறது. 2023 பிப்ரவரியில் கால்பந்து ஆடப் போன பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூர்க் காவிரியில் மூழ்கி இறந்தார்களே, அந்தச் செய்திக்குப் பிறகு ஆரம்பித்தது. லாரி டியூப், வெட்டிப்போட்ட வாழை மரம், மூடியை இறுக்கிய 20 லிட்டர் தண்ணீர் கேன், இவைதான் எங்கள் சாமான்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போய்வந்ததிலிருந்து பையன்களுக்குத் துடுப்புப் போடும் ஆசையும் வந்துவிட்டது.

இப்போது ஊர்ப் பெரிய குளத்துக் கரையில் நிரந்தரமாக ஒரு கூடம் கட்டலாம் என்று பேச்சு. கயாக் படகு வைக்க இடம், பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை, கழிப்பறை, படித்துறையை ஒட்டி ஒரு மேடை. தெரிந்த இன்ஜினியர் ஒருவர் 22 லட்சம் ஆகும் என்று எழுதிக் கொடுத்தார். கையில் 3 லட்சத்துச் சொச்சம் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் தருகிறோம் தருகிறோம் என்கிறார்கள், ஆனால் எந்தக் கணக்கில் வாங்குவது என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு வசூலை ஆரம்பிக்கலாமா? மொய் விருந்து மாதிரி ஒன்று வைத்தால் எடுபடுமா? முன்பு செய்தவர்கள் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்:

தம்பி, நல்ல காரியம். ஆனால் ஆடிப் பதினெட்டு வேண்டாம். அன்றைக்கு ஊரே ஆற்றங்கரையில் காதோலை கருகமணியோடு நிற்கும், கூட்டம் இருக்கும், உற்சாகம் இருக்கும், சட்டைப் பையில்தான் ஒன்றும் இருக்காது. நாற்றுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் கைமாற்று வாங்கி ஓடுகிற நேரம் அது, போதாததற்குப் பள்ளிக்கூட ஃபீஸ் வேறு. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் பேங்குக்கு வந்ததும் போங்கள். அதை விட்டால் தை, மாசியில் சம்பா அறுவடைக்கு அப்புறம். களத்து மேட்டில் நின்று கேட்டால் ஒரு மூட்டை நெல்லாகவே தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மொய் விருந்து பற்றிக் கேட்டீர்கள். நான் பேராவூரணிப் பக்கத்துக்காரன், ஆடி ஆவணி ஆனால் எங்களுக்குக் கறிச் சோறுதான். ஆனால் மொய் என்பது நன்கொடை இல்லை தம்பி, அது கடன். 5,000 எழுதினவர் நாளை தன் வீட்டு விருந்துக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பார், நோட்டு அவரிடமும் இருக்கும். மன்றத்தின் பேரில் மொய் வாங்கினால் பத்து வருஷம் கழித்து அன்றைய தலைவர் யார் யாருக்குத் திருப்பிச் செய்வார்? சாப்பாடு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் "மொய்" என்று பத்திரிகையில் அடிக்காதீர்கள்.

வசூல் விஷயத்தில் எங்கள் பக்கம் கண்டது ஒன்று. கஜா புயலுக்கு அடுத்த வருஷம், 2019இல், 564 ஏக்கர் பேராவூரணிப் பெரிய குளத்தை ஊர்க்காரர்களும் விவசாயிகளும் பணம் திரட்டித் தூர்வாரினார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் சின்னக் குளத்துக்கும் ஆரம்பித்தோம். மொத்தமாக இத்தனை லட்சம் வேண்டும் என்று கேட்டபோது ஒருவரும் அசையவில்லை. பொக்லைன் ஒரு மணி நேர வாடகை இவ்வளவு, உங்கள் பங்கு எத்தனை மணி நேரம் என்று கேட்ட பிறகுதான் சூடு பிடித்தது. அன்றன்று சாயங்காலம் இந்த மணி நேரம் இன்னாருடையது என்று போட்டோ போடுவோம், அதைப் பார்த்து மஸ்கட்டிலிருந்து போன் வரும். நீங்களும் 22 லட்சம் என்று வாயைத் திறக்காதீர்கள். ஒரு லைஃப் ஜாக்கெட், ஒரு துடுப்பு, ஒரு படகு என்று கேளுங்கள். தன் காசு எதுவாக ஆனது என்று கொடுத்தவர் பார்க்க வேண்டும்.

வடவாற்று வாசகன்:

பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கரை யாருடையது?

குளத்தின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்துப் பொறுப்பு, அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை, கோயில் குளம் என்றால் அறநிலையத்துறையிடம் போக வேண்டும். யாருடையதாக இருந்தாலும் நீர்நிலைப் புறம்போக்கில் கான்கிரீட் கட்டிடத்துக்கு அனுமதி கிடைக்கும் என்று கனவு காணாதீர்கள். உயர் நீதிமன்றம் எத்தனையோ தடவை சொல்லி, கரையில் இருந்த குடியிருப்புகளையே அகற்றுகிறார்கள். நீங்கள் 22 லட்சத்தைக் கொட்டிக் கட்டிய பிறகு ஒருவர் மனுப் போட்டால் போதும், தாசில்தார் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார். கரையை ஒட்டிப் பட்டா நிலம் 5 சென்ட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கட்டிடம் பட்டாவில், தண்ணீரில் மிதப்பது மட்டும் குளத்தில், அதற்கும் எழுத்தில் அனுமதி.

இரண்டாவது, மீன் குத்தகை. குளத்தை ஏலம் எடுத்தவரிடம் பேசிவிட்டீர்களா? அவர் வலை கட்டியிருக்கும் இடத்தில் பையன்கள் துடுப்பைப் போட்டால் முதல் வாரமே பஞ்சாயத்துதான். அடுத்த ஏலத்திலாவது ஒரு மூலையைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, தண்ணீர். மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமே தவிர வாக்குறுதி இல்லை. 2023இல் ஜூன் 12 அன்று திறந்தும் அக்டோபரிலேயே மூட வேண்டி வந்தது. 2024இல் திறந்ததே ஜூலை 28. திறந்திருக்கும்போதும் பற்றாக்குறை வந்தால் காவிரிக்குக் கொஞ்ச நாள், வெண்ணாற்றுக்குக் கொஞ்ச நாள் என்று முறை வைப்பார்கள், உங்கள் பாமணி வெண்ணாற்றுப் பிரிவு. அதனால் ஆற்றை நம்பாமல் குளத்தை எடுத்தது சரி. ஆனால் மாசி பங்குனிக்கு மேல் அங்கே எத்தனை அடி நிற்கும்? முழங்கால் தண்ணீருக்கு 22 லட்சத்தில் கூடமா?

யாராவது வடுவூர் ஏரிக்குப் போகலாம் என்று கிளப்பினால் அப்போதே அமுக்கிவிடுங்கள். அது பறவைகள் சரணாலயம், 2022இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கடைமடைக்காரன்:

ஐயா சொல்வது எல்லாம் சரி, ஆனால் இப்படிப் பயந்து பயந்துதான் நம் ஊரில் ஒன்றும் நடக்காமல் போகிறது. "நமக்கு நாமே" திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடுகிறதே, 3 லட்சத்தை வைத்தே 9 லட்சம் வேலை பார்க்கலாமே?

வடவாற்று வாசகன்:

பார்க்கலாம். பயப்படச் சொல்லவில்லை, வரிசையை மாற்றச் சொல்கிறேன். அந்தத் திட்டத்தில் கட்டினால் அது அரசுச் சொத்து, சாவி ஊராட்சியிடம் இருக்கும். தலைவர் மாறினால் உங்கள் படகுக் கூடத்தில் பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். கழிப்பறை, கரைக்குப் பாதை, படித்துறைச் சீரமைப்பு, இந்த மாதிரி எல்லாருக்கும் பொதுவானவற்றை அதில் கேளுங்கள். படகு வைக்கும் கொட்டகை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ரசீது புத்தகம்:

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. சிங்கப்பூர்ப் பணம் பற்றி மட்டும் சொல்கிறேன், அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

முதலில் யாருடைய சொந்த ஜிபே எண்ணிலும் வாங்காதீர்கள், செயலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. 7 பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். சங்கத்தின் பேரில் பான் எடுத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று கணக்குத் தொடங்குங்கள். வருஷா வருஷம் பதிவாளரிடம் கணக்குக் காட்ட வேண்டும், பாதிச் சங்கங்கள் இதைத்தான் விட்டுவிடுகின்றன.

சிங்கப்பூரில் இருப்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையே இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டுப் பணம்தான். அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும், புதிதாகப் பதிவான சங்கத்துக்கு இப்போதைக்கு நடக்காது. அதனால் குழுவில் யார் என்ன பாஸ்போர்ட் என்று கேட்டு, பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டு வாங்குங்கள். குடியுரிமைக்காரர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நன்கொடை கொடுப்பவர்களுக்குக் கிடைக்கும் 80ஜி வரிவிலக்குக்காக இப்போதே அலைய வேண்டாம். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, பழைய முறையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பின்னால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிக்குப் போவதானால் தேவைப்படும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி அவர்கள் பட்டியலில் இருக்கிறது, ஆனால் மூன்று வருஷம் வேலை செய்த தடம் கேட்பார்கள்.

பி.ஈ.டி. டீச்சர்:

உடை மாற்றும் அறையை ஞாபகம் வைத்ததற்கு நன்றி. பெரும்பாலான இடங்களில் கட்டி முடித்துத் திறப்பு விழா அன்றைக்குத்தான் அது ஞாபகம் வரும். ஏழாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் நீச்சலுக்கு வராமல் போவதற்குப் பாதிக் காரணம் ஈர உடையோடு தெரு வழியாக வீட்டுக்கு நடக்க வேண்டும் என்பதுதான். கட்டிடம் வரும்வரை கரையில் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாய் கட்டி, மேலே திறந்தபடி ஒரு மறைப்பு, உள்ளே ஒரு ஸ்டூல், இரண்டு வாளி. அதற்கு ஆகும் செலவு ஒரு துடுப்பு விலைதான்.

பாதுகாப்பு பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 2024 ஜனவரியில் வடோதராவில் ஹர்ணி ஏரியில் சுற்றுலா போன பள்ளிப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். கொள்ளளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், பல பேருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. அதனால் முதல் 3 லட்சத்தில் செங்கல் வாங்காதீர்கள். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற சின்ன அளவு ஜாக்கெட்டுகள் வாங்குங்கள், பெரியவர்கள் அளவைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும். போட்டுவிட்டு இரண்டு தோளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காதைத் தாண்டினால் அந்த அளவு வேண்டாம். வீசுகிற கயிறு இரண்டு, முதலுதவிப் பெட்டி. உங்களில் இரண்டு பேருக்காவது உயிர்காக்கும் பயிற்சி. தஞ்சாவூர் சத்யா விளையாட்டரங்க நீச்சல் குளத்தில் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ராத்திரி படகைச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள், டாஸ்மாக் மூடிய பிறகு யாருக்கு எப்போது கேப்டன் ஆசை வரும் என்று சொல்ல முடியாது.

கமலாலயத்துக்காரன்:

மேடைக்குக் கான்கிரீட் வேண்டாம். குளத்துத் தண்ணீர் ஏறி இறங்கும், நிலையான மேடை ஒரு மாதம் முங்கும், ஒரு மாதம் அந்தரத்தில் நிற்கும். எங்கள் திருவாரூர்த் தெப்பம் பேரல்களைக் கட்டித்தான் மிதக்கிறது, அதில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்! 200 லிட்டர் பேரல் முழுதாக அமுங்கினால் சுமார் 200 கிலோ தாங்கும். நீங்கள் பாதியை மட்டும் கணக்கில் வையுங்கள். 12 பேரல் என்றால் 1,200 கிலோ, பலகையும் சட்டமும் போக ஒரு பத்துப் பிள்ளைகள் தாராளமாக நிற்கலாம். எண்ணெய், சர்பத் வந்த பேரலாகப் பாருங்கள், பூச்சி மருந்து வந்தது வேண்டாம். நாலு மூலையிலும் குழாய் நட்டு வளையம் மாட்டிவிட்டால் தண்ணீரோடு ஏறி இறங்கிக்கொள்ளும்.

பாமணியாற்றுப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மன்றத்தில் உட்கார்ந்து பேசினோம். 22 லட்சம் திட்டத்தை ஓரம் கட்டிவிட்டோம், இன்ஜினியருக்கு லேசாக வருத்தம். கையில் இருப்பதில் ஜாக்கெட், கயிறு, இரண்டு படகு, பேரல் மேடை, தார்ப்பாய் மறைப்பு. குறுவை பணம் வந்த பிறகு வீடு வீடாகப் போகிறோம், ஒரு படகுக்கு இத்தனை பங்கு என்று ரசீது அடிக்கிறோம். மீன் குத்தகைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் வடக்குக் கரையில் வெங்காயத் தாமரை மண்டிக் கிடக்கும் மூலையை நீங்களே சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கும் லாபம்தான்.

பட்டா நிலத்துக்கு என் பெரியப்பா கரையை ஒட்டிய 6 சென்ட்டைக் குத்தகைக்குத் தருகிறேன் என்கிறார், வருஷத்துக்கு ஒரு ரூபாய். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதுமா?

ரசீது புத்தகம்:

போதாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் செல்லும். உங்கள் பேரில் எழுதாதீர்கள், சங்கத்தின் பேரில் எழுதுங்கள். அதனால் முதலில் சங்கப் பதிவு. இன்னொன்று, அது பெரியப்பாவின் தனிச் சொத்தா, பிரியாத குடும்பச் சொத்தா என்று வில்லங்கமும் பட்டாவும் எடுத்துப் பாருங்கள். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் அப்பா, அத்தைமார் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.