ஒரு 16-பிட் புரோகிராம் நின்றால் மற்றதும் நிற்கிறது

ரைஸ்மில்_கணக்கு:
எங்கள் மில்லில் வேபிரிட்ஜுக்கு ஒன்று, எடைச் சீட்டு அச்சடிக்க ஒன்று என்று விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம்கள் இரண்டு, எக்ஸ்பி கணினியில் ஓடுகின்றன. பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் சீட்டுப் புரோகிராம் அப்படியே உறைந்துவிடும். கூடவே எடையும் நின்றுவிடும். நேற்று மேடைமேல் நெல் லாரி, பின்னால் இன்னும் மூன்று, ஒரே ஹாரன். டாஸ்க் மேனேஜரில் என்டிவிடிஎம் என்று இருந்ததை முடித்தேன். இரண்டுமே போய்விட்டன. சீட்டுக்காரன் செய்த பாவத்துக்கு எடைக்காரன் ஏன் சாக வேண்டும்?

பழையபெட்டி:
இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன, அதனால்தான். விண்டோஸ் 3.1-இல் புரோகிராம் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். அதே வழக்கத்தை மதித்து, எக்ஸ்பியும் உங்களுடையவை போன்ற 16-பிட் விண்டோஸ் புரோகிராம்கள் எல்லாவற்றையும், பழைய புரோகிராம்களை ஓட்டிக்கொடுக்கும் என்டிவிடிஎம் ஒன்றுக்குள்ளேயே போடுகிறது. டாஸ் புரோகிராம் என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி என்டிவிடிஎம்.
ஷார்ட்கட்டை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், ஷார்ட்கட் டேப், அட்வான்ஸ்டு. ‘ரன் இன் செபரேட் மெமரி ஸ்பேஸ்’ என்பதில் டிக் போடுங்கள். மெமரி கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். இரண்டும் மெமரி வழியாக நேரடியாகத் தகவல் பரிமாறிக்கொண்டால் அது அறுந்துபோகும், அதை மட்டும் சோதியுங்கள்.

ரைஸ்மில்_கணக்கு:
அந்தக் கட்டம் மங்கலாக இருக்கிறது சார், டிக் விழவில்லை.

பழையபெட்டி:
ஷார்ட்கட் பேட்ச் ஃபைலை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைலைக் காட்டுகிறதா? புரோகிராமின் 16-பிட் இஎக்ஸ்இ ஃபைலை நேராகக் காட்டினால்தான் கட்டம் திறக்கும். பேட்ச் ஃபைல்தான் வேண்டுமென்றால் அதற்குள் புரோகிராம் பெயருக்கு முன்னால் ‘ஸ்டார்ட் /செபரேட்’ சேர்த்துவிடுங்கள்.

இரவுப்பணி:
ஒரு எச்சரிக்கை. முதலாளி புதுக் கணினி வாங்கித் தருகிறேன் என்றால் உடனே தலையாட்டாதீர்கள். 64-பிட் விண்டோஸில் என்டிவிடிஎம்மே கிடையாது, 16-பிட் புரோகிராம் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பில் என்டிவிடிஎம்மைத் தனியாக நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே வரவில்லை.

ரைஸ்மில்_கணக்கு:
பேட்ச் ஃபைல்தான் சார்! முன்பு இருந்த கணக்கர் வைத்துவிட்டுப் போனது. இப்போது டாஸ்க் மேனேஜரில் இரண்டு என்டிவிடிஎம் தெரிகின்றன. வேண்டுமென்றே காகிதத்தை உருவிப் பார்த்தேன். சீட்டு உறைந்தது, எடை ஓடுகிறது. லாரி இறங்கிப் போய்விட்டது, சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.