எல்க் வேட்டைக்கு எந்தக் காலிபர்? கையில் இருக்கும் 6.5 க்ரீட்மூர் போதுமா?

டென்வர்:
எல்லாருக்கும் வணக்கம். கொலராடோவில் இந்த வருடம் பெண் எல்க்குக்கு (மிகப் பெரிய மான் இனம்) டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைத்திருக்கிறது. இரண்டாவது ரைஃபிள் சீசன், பத்தாயிரம் அடி உயரத்தை ஒட்டிய மலைக்காடு. என்னிடம் இருப்பது 6.5 க்ரீட்மூர் (6.5 மி.மீ. குண்டு சுடும் ரைஃபிள்). "அது சின்ன மானுக்குத்தான் சரி, இன்னும் வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கு" என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். எல்க் அடிபடுவதைப் பலமுறை பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதை வைத்து முடிவு செய்வது?

கிராண்ட் ஜங்ஷன்:
தம்பி, முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். கொலராடோவில் எல்க்குக்கு ரைஃபிள் .24 காலிபருக்கு (குழலின் விட்டம், அங்குலத்தில்) குறையக்கூடாது. குண்டு விரியும் வகையாக, 85 கிரெய்னுக்கு (குண்டின் எடையளவு) குறையாமல் இருக்க வேண்டும். 100 யார்டில் (சுமார் 91 மீட்டர்) 1000 அடி-பவுண்டு ஆற்றலாவது வேண்டும். .243 வின்செஸ்டரே இதில் தேறிவிடும். உங்கள் 6.5 தாராளமாகத் தேறும். ஆனால் சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

வளர்ந்த பெண் எல்க் 225 கிலோ வரும். ராக்கி மலை ஆண் எல்க் 300 முதல் 350 கிலோ. தோல் தடிமன், தோள் எலும்பு கனம், குளிர்காலத்துக்கு வளர்ந்த ரோமம் சேறோடு அப்பிக்கிடக்கும். இதையெல்லாம் துளைத்துப்போய் இரண்டு நுரையீரலையும் கிழிக்க வேண்டும், முடிந்தால் மறுபக்கம் வெளியேறவும் வேண்டும். குண்டுக்கு உள்ள வேலை அவ்வளவுதான். இரண்டு நுரையீரலும் போன எல்க், 6.5-ல் அடிபட்டாலும் .300-ல் அடிபட்டாலும், பெரும்பாலும் நூறு யார்டுக்குள் விழுந்துவிடும். குடலில் பட்டால் .338 மேக்னமாக இருந்தாலும் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். அதனால் காலிபரிலிருந்து தொடங்காதீர்கள். எத்தனை யார்டில் உங்களால் தவறாமல் அடிக்க முடியும் என்று முதலில் பாருங்கள். அந்தத் தூரத்தில் ஒழுங்காக வேலை செய்யும் குண்டு எது என்று அடுத்து பாருங்கள். அந்தக் குண்டைப் போதிய வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் தோட்டா (குண்டும் வெடிமருந்தும் சேர்ந்தது) எது என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

போஸ்மன், மொன்டானா:
மேலே அண்ணன் சொன்னதை வழிமொழிகிறேன். குண்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்க் கைநழுவுவது பெரும்பாலும் இங்கேதான்.

சாதாரண மான் குண்டு என்பது ஈய உள்ளீட்டின் மேல் மெல்லிய செம்பு உறை போட்டது, இரண்டும் ஒட்டப்படாமல் இருக்கும். இது மேக்னம் வேகத்தில் ஐம்பது அறுபது யார்டில் எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் என்ன ஆகும்? உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கமாகப் பிய்ந்து, தோளில் பெரிய மேல்காயம் உண்டாகும், நெஞ்சுக்கூட்டுக்குள் துணுக்குகள் மட்டுமே போகும். விலங்கு மூன்று காலில் ஓடிவிடும். "பெரிய துப்பாக்கியில் அடித்தும் விழவில்லை" என்று கேட்கும் கதைகளில் பாதிக்கு மேல் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இது புதிய விஷயமும் இல்லை. 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தால் மூஸ் என்ற பெரிய மான் ஒன்றைச் சுட்டபோது, சேறு காய்ந்த தோளில் குண்டுகள் உடைந்துபோய் உள்ளே இறங்கவில்லை. நடுவில் செம்புத் தடுப்பு வைத்த பார்ட்டிஷன் குண்டு அதிலிருந்துதான் பிறந்தது. முன்பாதி விரிந்து கிழிக்கும், தடுப்புக்குப் பின்னால் உள்ள பாதி உடையாமல் துளைத்துக்கொண்டே போகும்.

எல்க்குக்கு மூன்று வகைக்குள் தேர்ந்தெடுங்கள்: பார்ட்டிஷன் அல்லது ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம் போன்ற தடுப்புக் குண்டு, உறையும் ஈயமும் ஒட்டப்பட்ட அக்யூபாண்ட் போன்ற ஒட்டுக் குண்டு, பார்ன்ஸ் டி.டி.எஸ்.எக்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டு. செம்பில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். அதே எடைக்கு நீளம் அதிகம் என்பதால் ஒரு படி இலகுவானதை எடுக்கலாம்: .30-06-ல் 180-க்குப் பதில் 165 அல்லது 168 கிரெய்ன், 6.5-ல் 120 அல்லது 127. செம்பு எடை இழக்காததால் துளைப்பில் நட்டமில்லை. மற்றொன்று, செம்பு விரிவதற்கு வேகம் வேண்டும். பல செம்புக் குண்டுகள் நொடிக்கு 2000 அடிக்குக் கீழே போனால் சரியாக விரியாமல் பென்சில் துளைபோலப் போய்விடும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச மோதல் வேகத்தைப் பார்த்து, அந்த வேகம் எத்தனை யார்டில் வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான் என்பதால் அங்கே போகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. ஈயத் துணுக்கு இறைச்சியில் கலப்பதும், விட்டுவந்த குடலைத் தின்னும் கழுகுகளுக்கு விஷமாவதும் உண்மை. வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள் என்றால் செம்புக்கே என் ஓட்டு.

டென்வர்:
மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் 6.5 க்ரீட்மூருக்கு எத்தனை யார்டு எல்லை?

போஸ்மன், மொன்டானா:
143 கிரெய்ன் குண்டு குழலை விட்டு நொடிக்கு 2700 அடியில் கிளம்பினால் ஆற்றல் சுமார் 2300 அடி-பவுண்டு. 300 யார்டில் 1650 அளவுக்கு வரும். 400-ல் 1465. எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு வேண்டும் என்பது பழைய கைக்கணக்குதான், ஆனாலும் எல்லை வகுக்க உதவும். எனவே 6.5-ஐ 300 யார்டோடு நிறுத்துங்கள், அதுவும் பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு மட்டும். அந்தக் குண்டே கொஞ்சம் மென்மையானது, கிட்டத்தில் தோள் எலும்பைத் தவிர்ப்பது நல்லது. .30-06-ல் 180 கிரெய்ன் ஒட்டுக் குண்டு 400 யார்டிலும் 1600-ஐ ஒட்டி நிற்கும். .300 வின்செஸ்டர் மேக்னம் 500 தாண்டியும் தாங்கும். ஆனால் 500 யார்டில் காற்றைக் கணிக்கத் தெரியாதவருக்கு அந்த ஆற்றலால் பயனில்லை. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் .30-06 குண்டு 300 யார்டில் ஆறேழு அங்குலம் நகரும், 400-ல் ஓர் அடியை நெருங்கும். எல்க்கின் உயிர்நிலை (இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி) ஏறத்தாழ 15 அங்குல வட்டம். கணக்கு எங்கே இடிக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஸ்போகேன்:
உதையைப் பற்றி (சுடும்போது துப்பாக்கி பின்னால் தோளை இடிப்பது) யாரும் சொல்லவில்லையே. 8 பவுண்டு ரைஃபிளில் 6.5 க்ரீட்மூர் சுமார் 12 அடி-பவுண்டு உதைக்கும். .308 சுமார் 17, .30-06 சுமார் 20, .300 மேக்னம் 27-ஐ ஒட்டி. இருபதைத் தாண்டினால் பெரும்பாலானவர்கள் தங்களை அறியாமலே விசையை இழுக்கும்போது கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளுகிறார்கள். சோதிக்க எளிய வழி உண்டு: ரேஞ்சில் (சுடும் பயிற்சிக்களம்) நண்பரை விட்டு, நீங்கள் பார்க்காதபடி சில முறை வெற்றுப் போலித் தோட்டா ஏற்றித் தரச் சொல்லுங்கள். 'க்ளிக்' என்று மட்டும் கேட்கும் தருணத்தில் குழல் முனை குனிந்தால், அந்தத் துப்பாக்கி உங்களுக்கு அதிகம். மசில் பிரேக் (குழல் முனையில் வாயுவைத் திருப்பிவிடும் துண்டு) போட்டால் உதை குறையும், ஆனால் சத்தம் காதைப் பிளக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் காதடைப்பான் கட்டாயம்.

இன்னொன்று, எங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் கடற்கரைப் பக்கக் காடுகளில் இருப்பது ரூஸ்வெல்ட் எல்க். ராக்கி மலை எல்க்கைவிடப் பெரியது, காடு அடர்த்தி, ஐம்பது நூறு யார்டில்தான் கண்ணில் படும். அங்கே .308, .30-06, .35 வேலன், .45-70 எல்லாமே நன்றாக வேலை செய்யும். கனமான குண்டு புதரைத் துளைத்து நேராகப் போகும் என்று நம்பாதீர்கள். சுண்டுவிரல் தடிமனான கிளை எந்தக் குண்டையும் திசைதிருப்பும். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருப்பதே வழி.

கிராண்ட் ஜங்ஷன்:
ஆயத்தத்துக்கு வருவோம். ஸ்கோப்பைப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பிடிக்கும் வளையத் திருகுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் கருவி) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு, முடுக்குங்கள். வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவாலேயே ஜீரோ செய்யுங்கள் (குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது). பயிற்சிக்கு மலிவுத் தோட்டா, மலைக்கு விலையுயர்ந்த தோட்டா என்று மாற்றினால் 100 யார்டிலேயே மூன்று நான்கு அங்குலம் தள்ளிப்போகலாம். ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் நான்கைந்து பெட்டி வாங்கி வையுங்கள். 200 யார்டில் ஜீரோ வைத்தால் .30-06-ல் 180 கிரெய்ன் 100-ல் இரண்டு அங்குலம் மேலே, 300-ல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே, 400-ல் இரண்டடி கீழே. மேசையில் மூட்டையின் மேல் வைத்துச் சுடுவது ஜீரோவுக்கு மட்டுமே. மீதித் தோட்டாக்களை உட்கார்ந்தும், மண்டியிட்டும், ஊன்றுகோலில் சாய்த்தும் சுடுங்கள். அந்த நிலையில் எட்டங்குலத் தட்டை எத்தனை யார்டுவரை தொடர்ந்து அடிக்கிறீர்களோ அதுதான் உங்கள் தூரம்.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மூன்று தோட்டா சுட்டுச் சரிபாருங்கள், வண்டிக் குலுக்கலில் ஸ்கோப் நகர்ந்திருக்கலாம். உயரத்தால் குண்டின் வீழ்ச்சி சற்றுக் குறையும், 400 யார்டுக்குள் அது ஓரிரு அங்குலமே. சரிவில் கிடைமட்டத் தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்: 30 பாகைச் சரிவில் 400 யார்டு என்றால் 346 யார்டுக்கு உரிய குறி.

டென்வர்:
எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் ஒருவரும் கூட வர ஆசைப்படுகிறார். அவர் துப்பாக்கி தொடலாமா?

ஸ்போகேன்:
தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு. ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே உரிமம் இருக்க வேண்டும். தவறினால் குடியேற்ற நிலையே போய்விடும், ஆகவே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு முறை கேட்டுவிடச் சொல்லுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

போஸ்மன், மொன்டானா:
கடைசியாகக் குறி வைக்கும் இடம். பக்கவாட்டில் நிற்கும் எல்க்குக்கு முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலே வாருங்கள், உடல் ஆழத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நுரையீரல் நடுவில் படும், தோள் இறைச்சியும் வீணாகாது. உடலை நமக்கு அப்பால் சற்றே திருப்பி நிற்கும் கோணத்தில், குண்டு மறுபக்கத்து முன்னங்கால் அருகே வெளியேறும்படி குறியைப் பின்னால் நகர்த்துங்கள். நேர் எதிரே பார்த்தபடியோ முழுதாக முதுகு காட்டியோ நின்றால் 6.5-ல் விட்டுவிடுங்கள். பின்னால் இன்னொரு எல்க் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், கூட்டமாக நிற்கும் விலங்கு இது, குண்டு துளைத்துப்போய் அடுத்ததையும் காயப்படுத்தும்.

சுட்ட உடனே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். எல்க் அடிவாங்கியும் ஒன்றும் நடக்காததுபோல நிற்கும், தப்பிவிட்டது என்று நினைத்து வேடிக்கை பார்க்க வேண்டாம். நின்றால் மறுபடி சுடுங்கள். ஓடி மறைந்தால், அது கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாதீர்கள். பிறகு நின்ற இடத்தில் தேடுங்கள். நுரை கட்டிய இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பச்சையாகப் புல் துணுக்கும் நாற்றமும் இருந்தால் இரைப்பை, ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து பின்தொடருங்கள். அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் கீழ்ச்சரிவில் இருண்ட காட்டுக்குள் மைல்கணக்கில் போய்விடும். பனி பெய்யத் தொடங்கினால் மட்டும் தடம் மூடுவதற்குள் மெதுவாகக் கிளம்பலாம்.