சோதனையும் நெருக்கடியும் சேர்ந்து வரும்போது: ஆலோசனை வேண்டுகிறேன்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

வேலையை இழந்து கடனில் சிக்கியிருக்கும் என் நண்பர் ஒருவர், விட்ட பணத்தை ஒரே இரவில் மீட்டுவிடலாம் என்ற ஆசையில் இணையச் சூதாட்டத்தில் விழுந்துவிட்டார். ஜெபித்து முடித்தவுடன் அந்தச் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குகிறார். நள்ளிரவில் தூக்கம் வராமல் புரளும்போது மறுபடியும் பதிவிறக்கிக்கொள்கிறார்.

தேவன் ஒருவரையும் பாவத்திற்குத் தூண்டிச் சோதிக்கிறவரல்ல என்று வேதாகமத்தில் யாக்கோபு 1:13 சொல்வதை அவர் ஏற்றுக்கொள்கிறார். அவரை வாட்டுவது 1 கொரிந்தியர் 10:13. சோதனையோடு தப்பிக்கொள்ளும் வழியையும் தேவன் உண்டாக்குவார் என்றால், அந்த வழி தமக்கு மட்டும் ஏன் தென்படவில்லை என்று கேட்கிறார். இயேசுவும் 40 நாள் உபவாசத்திற்குப் பின் பசியோடிருக்கும்போதுதான் சோதிக்கப்பட்டார் என்பதையும், சாத்தானுக்கு அவர் கொடுத்த மூன்று பதில்களும் இஸ்ரவேலரின் வனாந்தர நாட்களை நினைவூட்டும் உபாகமம் 6, 8 ஆம் அதிகாரங்களிலிருந்து வந்தவை என்பதையும் எடுத்துச் சொன்னேன். மனம் சற்று இளகினார். ஆனாலும் வசனத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது உதவி ஆகாது என்றே கருதுகிறேன்.

இத்தகைய அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்களும், மீண்டவரோடு கூட நின்றவர்களும் தயவுசெய்து எழுதுங்கள். அந்த நள்ளிரவு நேரத்தைக் கடக்க எது கைகொடுத்தது? சங்கீதம் 88 போல, இருளிலேயே முடிகிற புலம்பலை ஜெபமாக்கியவர்கள் உண்டா? யாக்கோபு 5:16 சொல்லும் பாவ அறிக்கையிடுதலை, விஷயம் வெளியே கசியாமல் யாரிடம் செய்தீர்கள்? மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்; அதை அவிசுவாசம் என்று நினைத்துத் தயங்குகிறார், அதற்கும் உங்கள் அனுபவம் தேவை. விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளும் பதில்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவற்றை அவர் போதுமான அளவு கேட்டுவிட்டார்.